அண்ணாச்சியின் சட்டைப்பையில் இரண்டு மாத்திரைகள்

நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். வயதிலும் சரக்கிலும் குடும்ப விவரத்திலும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். பெயர் வேண்டாம். கோயம்பேட்டில் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டால் நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் அந்தப் பெயரே இங்கே போதும்.

வந்த விதம்

வயது 47. வெங்காய மண்டி. மாமனார் கொத்தவால் சாவடியில் வியாபாரம் பார்த்தவர். 1996இல் மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறியபோது கடையும் கூடவே மாறியது, பிறகு மருமகன் கைக்கு வந்தது. ஆறு வருடமாக அண்ணாச்சி சர்க்கரைக்கு என்னிடம்தான் மருந்து வாங்குகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மண்டி வேலை முடிந்து காலை பதினொரு மணி வாக்கில், சட்டையில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்க வருவார். ரிப்போர்ட்டை மேஜையில் வைப்பார், "சுகர் எப்படி சார் இருக்கு?" என்பார், திட்டு வாங்குவார், சீட்டை மடித்துக்கொண்டு கிளம்புவார். எல்லாம் ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அன்றும் முடிந்தது. எழுந்து போனவர் கதவுக் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார். டாக்டர்களுக்குப் பழகிய இடம் அது. நோயாளி உண்மையில் எதற்காக வந்தாரோ அது பாதி நேரம் கதவருகில்தான் வெளியே வரும்.

"சார், இந்த நரம்புத் தளர்ச்சிக்கு ஏதாவது ஊசி இருக்கா?"

நரம்புத் தளர்ச்சி என்ற சொல் தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. கை நடுங்கினாலும் நரம்புத் தளர்ச்சி, இன்னொன்றைச் சொல்ல நாக்கு எழாதபோதும் நரம்புத் தளர்ச்சி. எதைச் சொல்கிறார் என்பது ஆள் எங்கே பார்க்கிறார் என்பதில் தெரிந்துவிடும். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். திரும்ப உட்காரச் சொன்னேன். வெளியே டோக்கன் கூப்பிடும் பெண்ணிடம், கொஞ்ச நேரம் யாரையும் உள்ளே அனுப்ப வேண்டாம் என்றேன்.

இரண்டு வருடக் கதை. முதலில் விறைப்பு வரும், நிற்காது. பிறகு வருவதே அரிதானது. எட்டு மாதமாகச் சுத்தமாக இல்லை. ஆசை குறைந்ததா என்று கேட்டேன். "ஆசையெல்லாம் இருக்கு சார், அதான் கஷ்டமே" என்றார். தூங்கி எழும்போது தானாக வரும் விறைப்பு? அதுவும் இல்லை. இந்தக் கேள்வி முக்கியமானது. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கனவு காணும் கட்டங்களில், ஒரு இரவுக்கு மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வந்து போகும். அது ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன, சிக்கல் மனத்திலோ உறவிலோ இருக்கலாம் என்று பார்ப்போம். அதுவும் நின்றிருந்தால் உடம்பைத் தேட வேண்டும்.

வீட்டில் என்ன நிலை? "நடு ராத்திரி நான் கிளம்பினா உன் தூக்கம் கெடும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. இருபது வருடமாக அதே நேரத்துக்குத்தான் மண்டிக்குப் போகிறார். மனைவி அந்தக் காரணத்தை எவ்வளவு நம்பியிருப்பார் என்று நான் கேட்கவில்லை.

அதற்கு முன் போன இடங்கள்

முதலில் ஒரு லாட்ஜ். மாதத்தில் இரண்டு நாள் முகாம் போடும் வைத்தியர். கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, "வாலிபத்தில் கைப்பழக்கம் இருந்ததா?" என்றாராம். எந்த ஆணிடம் கேட்டாலும் தலை குனிவான், வைத்தியத்துக்கு அது போதும். மூன்று புட்டி லேகியம், ஒரு தைலம், 22,000 ரூபாய். மூன்று பிள்ளை பெற்று, ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்த மனிதர், பதினாறு வயதில் செய்ததற்கு இப்போது தண்டனை அனுபவிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். கைப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொன்னதை அன்று அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

'வாலிப, வயோதிக அன்பர்களே' என்று அழைக்கும் விளம்பரங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஆண்மையைப் பெருக்குவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்கு வயதாகிவிட்டது, விளம்பரம் மட்டும் இன்னும் வாலிபமாக இருக்கிறது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. முதல் புட்டி வேலை செய்தது என்றார், இரண்டாவது செய்யவில்லை. மூலிகை என்ற பெயரில் விற்ற பல சரக்குகளில் சில்டெனாஃபில், அதாவது வயாகராவில் இருக்கும் மருந்து, கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அண்ணாச்சியின் புட்டியில் என்ன இருந்தது என்று சோதிக்க வழியில்லை, கழுவி ஊறுகாய் போட்டுவிட்டார்கள்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனைப் பொட்டலம் விற்கும் ஒரு இடம். எது என்பது இங்கே வேண்டாம். காலை பத்தரை மணிக்கு, மண்டியிலிருந்து நேராகப் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார். டெஸ்டோஸ்டிரோன் 238. "ஹார்மோன் கம்மி, ஒரு கோர்ஸ் ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரம் நாசிக் லாரிக்குப் பணம் கட்ட வேண்டியிருந்ததால் தப்பித்தார். என்னிடம் ஊசி கேட்டதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, மெடிக்கல் ஷாப். "மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" என்றேன். பதில் சொல்லாமல் சட்டைப்பையிலிருந்து எடைச்சீட்டில் மடித்த பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜையில் பிரித்தார்.

உள்ளே கத்தரியால் நறுக்கிய அட்டைத் துண்டுகள் இரண்டு. ஒன்றில் நீல மாத்திரை, 100 மில்லிகிராம் சில்டெனாஃபில், ஒன்று மிச்சம். இன்னொன்றில் பொட்டுக்கடலை அளவில் சின்ன மாத்திரைகள். அட்டையைத் திருப்பிப் படித்தேன். சார்பிட்ரேட் 5.

"நீலம் அதுக்கு. சின்னது நெஞ்சுக்கு."

"நெஞ்சுக்கா? யார் கொடுத்தது?"

"பக்கத்து மண்டிக்காரரு. அவருக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு. நெஞ்சு அடைச்சா நாக்குக்கு அடியில வச்சுக்கோங்கன்னு குடுத்தாரு. வாட்ஸப்லயும் வந்துச்சே சார், எல்லாரும் பையில வச்சிருக்கணும்னு."

இந்த இரண்டும் ஒரே பையில் இருக்கவே கூடாத ஜோடி. சார்பிட்ரேட் நைட்ரேட் வகை, ரத்தக்குழாயைத் தளர்த்தும் சமிக்ஞையைக் கூட்டும். சில்டெனாஃபில் அதே சமிக்ஞை அழியாமல் தடுக்கும். இரண்டும் உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே விழுந்துவிடலாம், உயிரும் போகலாம். சில்டெனாஃபில் போட்டால் 24 மணி நேரத்துக்கும், அதே வகை மருந்தான டாடலாஃபில் போட்டால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கிட்டேயே வரக் கூடாது என்பது விதி. இரவில் நீலத்தைப் போட்டு, அந்தப் படபடப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சின்னதை நாக்கடியில் வைத்திருந்தால், இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"நெஞ்சு அடைக்குதா உங்களுக்கு?"

"அது வாயு சார்."

எப்போது வரும்? சாப்பிட்டுவிட்டு வீட்டு மாடிப்படி ஏறும்போது. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தாடை வரைக்கும் ஒரு பிடிப்பு. முதல் மாடித் திருப்பத்தில் இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். ஓமத் தண்ணீர் குடிப்பாராம். எத்தனை நாளாக? மூன்று மாதமாக. நடந்தால் வந்து நின்றால் போகிற வாயு என்று எந்த வயிற்றிலும் கிடையாது. நரம்புத் தளர்ச்சி என்று வந்த மனிதருக்கு என் சீட்டில் முதல் வரியாக இதய ரத்தக்குழாய் அடைப்பு என்ற சந்தேகம் ஏறியது, மற்றது இரண்டாவது வரிக்குப் போனது.

என் பக்கத்துத் தவறு

அவர் போன பிறகு பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். ஆறு வருடம், இருபதுக்கு மேற்பட்ட வருகைகள். கால் மரத்துப்போகிறதா என்று கேட்டிருக்கிறேன். கண் டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறேன். சிறுநீரில் புரதம் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வி ஒருமுறைகூட இல்லை. அலமாரியில் இருந்து வேறு சில ஆண்களின் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன், அவற்றிலும் இல்லை. நோயாளிகள் கூச்சப்படுகிறார்கள் என்று நாங்கள் சொல்லிக்கொள்வது வழக்கம். கூச்சம் மேஜையின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்னொன்றும் இருந்தது. இரண்டரை வருடத்துக்கு முன் அவருடைய பிபிக்கு அட்டெனலால் சேர்ந்த மாத்திரை எழுதியது நான்தான். அது தொடங்கி ஆறு மாதத்தில் இவருடைய கதை தொடங்குகிறது. அட்டெனலால் சேர்ந்த பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளுக்கு, விறைப்பைக் குறைக்கும் என்ற பெயர் பழையது. ஆனால் முழுப் பழியையும் மாத்திரை மேல் போடவும் தயக்கமாக இருக்கிறது. 2003இல் வெளியான ஒரு இத்தாலிய ஆய்வில் 96 இதய நோயாளிகளுக்கு அட்டெனலால் கொடுத்தார்கள். என்ன மருந்து என்றே சொல்லாத குழுவில் 3 சதவீதம் பேர் விறைப்புக் குறைவு என்றார்கள். மருந்தின் பெயரை மட்டும் சொன்ன குழுவில் 16 சதவீதம். இப்படி ஒரு பக்கவிளைவு வரலாம் என்று சொல்லிக் கொடுத்த குழுவில் 31 சதவீதம். மருந்து ஒன்றுதான், காதில் விழுந்தது வேறு. அண்ணாச்சிக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை, ஆகவே பயத்தால் வந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. மாத்திரையை மாற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

"எத்தன பேருக்கு சார்?"

அன்று அவர் கிளம்பும் முன், பொட்டலத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டபோது, அவர் கேட்டது வேறு.

"எனக்கு மட்டும்தானா சார், இல்ல எல்லாருக்கும் இருக்கா? எத்தன பேருக்கு இருக்கும்?"

இந்தக் கேள்விக்குத் தயாராகப் பதில் வைத்திருக்காத டாக்டர் இந்த நோயைப் பார்க்கக் கூடாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இங்கே கொஞ்சம் விரிவாக.

'உறவுக்குப் போதுமான விறைப்பு வராமலோ வந்து நிலைக்காமலோ தொடர்ந்து இருப்பது' என்கிற வரையறையை அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு 1992இல் வகுத்தது. ஒரு நாள் களைப்பு, ஒரு நாள் சண்டை, ஒரு நாள் சரக்கு, இவை கணக்கில் வராது. மூன்று மாதமாவது நீடித்தால்தான் பேச்சு. இரண்டு வருடம் கழித்து, 1994இல், பாஸ்டன் சுற்றுவட்டாரத்தில் 40 முதல் 70 வயது வரையுள்ள 1,290 ஆண்களைக் கேட்டு எடுத்த கணக்கு வெளியானது. 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் குறைபாடு. இரண்டில் ஒருவர் என்று உலகமெங்கும் பத்திரிகைகள் எழுதுவது அந்த ஒரு எண்ணை வைத்துத்தான்.

எண்ணை உடைத்துப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும். 52இல் 17 பேருக்கு லேசான குறைபாடு, 25 பேருக்கு நடுத்தரம், முழுமையாக இல்லாதவர்கள் 10 பேர். வயது வாரியாகப் பார்த்தால் நாற்பதில் முழுமையாக இழந்தவர்கள் 5 சதவீதம், எழுபதில் 15. லேசானதையும் சேர்த்தால் நாற்பது வயதிலேயே நூற்றுக்கு 40 பேர். கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து 'அபூர்வம்' என்றும் சொல்லலாம், 'வீட்டுக்கு வீடு' என்றும் சொல்லலாம். லாட்ஜ் வைத்தியர்கள் பெரிய எண்ணைச் சொல்லி வியாபாரம் பார்ப்பார்கள், தனியே தவிக்கும் ஆள் தனக்குள் ஒன்று என்ற எண்ணையே சொல்லிக்கொள்வான்.

அது பாஸ்டன். சர்க்கரை வந்த உடம்பின் கணக்கு வேறு. அதே ஆய்வில் சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்களில் முழுமையாக இழந்தவர்கள் 28 சதவீதம், இதய நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களில் 39. பல நாடுகளின் 145 ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் பார்த்தபோது சர்க்கரை உள்ள ஆண்களில் பாதிக்குச் சற்று மேல், 52.5 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இது இருந்தது. மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து வருடம் முன்னதாகவே வருகிறது. சென்னையிலிருக்கும் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல், தமிழ்நாடு நாட்டுச் சராசரிக்கும் மேலே. இரண்டையும் சேர்த்து எத்தனை லட்சம் தலையணைகள் ஹாலுக்குப் போயிருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அண்ணாச்சியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "உங்க மண்டி வரிசையில நாப்பது தாண்டினவங்க எத்தன பேர்?" என்றேன். இருபது பேர் தேறும் என்றார்.

"அதுல எட்டுப் பேருக்காவது கொஞ்சமோ நஞ்சமோ இருக்கும்."

அவர் முகத்தில் இரண்டு வருடத்தில் வராத ஒரு வெளிச்சம். "எட்டுப் பேரா? யாரு சார் அது?" என்று மனதுக்குள் கடை கடையாக எண்ண ஆரம்பித்துவிட்டார். எண்ணி முடித்து, நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, "அப்ப வயசானா வர்றதுதான், நாமதான் பெருசா எடுத்துக்கிறோம்" என்று பையைத் தூக்கினார்.

நிறையப் பேருக்கு இருக்கிறது என்பது ஆறுதல்தான், அதே ஆறுதலில் ஆபத்தும் இருக்கிறது. நரைத்த முடி மாதிரி இது எல்லோருக்கும் வருவது என்று ஆகிவிட்டால் ஏன் வந்தது என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

"உங்க ஃப்ளாட்ல போர் தண்ணியா?" என்றேன்.

"ஆமா சார், உப்புத் தண்ணி. ஷவர் அடைச்சுக்கிட்டே இருக்கும்."

"மெயின் பைப்?"

"அது நல்லாத்தான் ஓடுது."

"ஷவர் அடைக்கிறப்ப மெயின் பைப்புக்குள்ள உப்பு ஏறலன்னு அர்த்தமா?"

உட்கார்ந்துவிட்டார். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் விட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்தின் தமனிகள் மூன்று நான்கு. சர்க்கரையும் கொழுப்பும் புகையும் எல்லாக் குழாயின் உட்சுவரையும் ஒரே நேரத்தில்தான் கெடுக்கின்றன, சின்னது முதலில் காட்டிக்கொடுக்கிறது. விறைப்பு குறைந்ததற்கும் நெஞ்சுவலி தலைகாட்டுவதற்கும் இடையில் இரண்டு முதல் ஐந்து வருடம் இருக்கும். அண்ணாச்சி அந்த இடைவெளியில் ஒன்றே முக்கால் வருடத்தை லேகியத்தில் செலவழித்திருந்தார்.

உட்சுவர் செய்யும் வேலை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரப்பது. குழாய் விரிவதும் விறைப்பு வருவதும் அதனால்தான். அந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வருடம் மார்ச் மாதம் வயாகரா அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில் நெஞ்சுவலிக்காகத் தேடிக் கண்டுபிடித்த மருந்து அது. நெஞ்சுக்கு எதிர்பார்த்த பலன் இல்லை, சோதனைக்கு வந்தவர்கள் சொன்ன பக்கவிளைவுதான் மருந்தானது. இதயத்துக்குப் புறப்பட்டு வேறெங்கோ இறங்கிய மருந்தைத் தேடிப் போன மனிதர், வேறெங்கோ தொடங்கி இதயத்தில் வந்து நின்றார்.

சோதனைகள்

உயரத்துக்கு எடை அதிகம், 84 கிலோ. இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். பிபி 148/92. பாத நாடி இரண்டு பக்கமும் கிடைத்தது, இடது கொஞ்சம் மங்கல். கால்விரல் நுனியில் உணர்வு குறைவு, ஆகவே நரம்புக்கும் இதில் பங்கு உண்டு. உறுப்பையும் விரையையும் பார்த்தேன், எந்தக் கோளாறும் இல்லை. இரண்டு வருடத்தில் மூன்று இடத்துக்குப் போயிருக்கிறார், வேட்டியை இறக்கிப் பார்த்த முதல் ஆள் நான்தான்.

விறைப்பை மதிப்பிட ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. 25க்கு 22ம் அதற்கு மேலும் வந்தால் நலம், 7ம் அதற்குக் கீழும் என்றால் கடுமை. அவருக்கு 9. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.9, கெட்ட கொழுப்பு 148, நல்ல கொழுப்பு 34. சிகரெட் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு.

டெஸ்டோஸ்டிரோனைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் தூங்கி எழுந்ததும் உச்சத்தில் இருந்து, நேரம் போகப் போக இறங்கும் ஹார்மோன் அது. அதனால்தான் காலையில் எடுக்கச் சொல்கிறோம், குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்க்கிறோம். ஆனால் அண்ணாச்சிக்குக் காலை எது? இரவு பதினொன்றுக்குக் கிளம்பி, விடிய விடிய லாரிச் சரக்கு இறக்கி, பகல் பன்னிரண்டுக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிற மனிதர். கடிகாரத்தில் காலை பத்தரை என்றாலும் அவர் உடம்புக்கு அது நடுராத்திரி. அந்த இடத்தில் ரத்தம் எடுத்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்களே தவிர ஆளைப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து, தூங்கி எழுந்த கையோடு மாலை ஏழு மணிக்கு எடுக்கச் சொன்னேன். லேப் பையன் போன் செய்து, "டாக்டர், இது மார்னிங் சாம்பிள்தானே எடுக்கணும்?" என்றான். "அவருக்கு இப்பத்தான்ப்பா விடிஞ்சிருக்கு" என்றேன். 391. பொதுவாக 300க்குக் கீழே என்றால்தான் குறைவு. ஊசிப் பேச்சு அதோடு முடிந்தது.

அதே வாரம் இதய மருத்துவரிடம் அனுப்பினேன். சாதாரண ஈசிஜி சுத்தமாக இருந்தது. டிரெட்மில்லில் ஐந்தாவது நிமிடம் அதே தாடைப் பிடிப்பு, வரைபடத்தில் இதயத்துக்கு ரத்தம் போதாததைக் காட்டும் இரண்டு மில்லிமீட்டர் இறக்கம், நிறுத்திவிட்டார்கள். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ. இதயத்தின் முன்பக்கப் பெரிய குழாயில், தொடக்கத்திலேயே, 85 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் வீடு.

பிறகு

இரண்டு வாரம் கழித்து மனைவியோடு வந்தார். அழைத்து வரச் சொன்னது நான்தான். உட்கார்ந்ததும் அந்த அம்மா, "இவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க டாக்டர்" என்றார். பிறகு, "நான் வேற மாதிரி நெனச்சுட்டேன். வேற எங்கயோ சகவாசம்னு. ஒரு வருஷம் சாமி கிட்ட அழுதிருக்கேன்." அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார். "எனக்கு அது ஒண்ணும் பெருசில்ல. இவங்க ஹால்ல போய்ப் படுத்தாங்க பாருங்க, அதான்."

மருந்தைவிட நீளமாக அன்று பேசியது படிக்கட்டைப் பற்றி. உறவின்போது இதயத்துக்கு ஏற்படும் உழைப்பு இரண்டு மாடி வேகமாக ஏறுவதற்குச் சமம். இரண்டாவது மாடிக்கு நிற்காமல் ஏற முடிகிறதா என்பதே பரீட்சை. லிஃப்ட் இல்லாத வீடு அதற்கு வசதியாகப் போயிற்று.

இதய மருத்துவரிடம் பேசி அட்டெனலாலை நெபிவலாலாக மாற்றினோம், அது இந்த விஷயத்தில் அவ்வளவு தொந்தரவு தராது. நைட்ரேட் எதுவும் சீட்டில் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகு தினமும் 5 மில்லிகிராம் டாடலாஃபில். சில்டெனாஃபில் ஏன் அவருக்கு வேலை செய்யவில்லை என்பதும் விசாரித்ததில் தெரிந்தது. பரோட்டாவும் சால்னாவும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போட்டிருக்கிறார், கொழுப்பு உணவு அந்த மாத்திரையை ஒரு மணி நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். போட்டுவிட்டுப் படுத்தபடி அது தானாக வரும் என்று காத்திருந்திருக்கிறார். ஆசையும் தொடுதலும் இல்லாமல் எந்த மாத்திரையும் எதையும் எழுப்பாது. இரண்டு முறை முயன்று கைவிட்டார். ஆறேழு முறையாவது சரியாக முயலாமல் மருந்து தோற்றது என்று சொல்ல முடியாது. டாடலாஃபிலுக்குச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை, தினமும் போடுவதால் நேரக் கணக்கும் இல்லை. மணி பார்த்துக்கொண்டு தாம்பத்யம் செய்யும் பதற்றம் போய்விடுகிறது, அதுவே பாதி வைத்தியம்.

ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்: 'இந்த மாத்திரை சாப்பிடுகிறேன். நெஞ்சுவலி என்று போனால் முதலில் இதைச் சொல்ல வேண்டும். நாக்கடி மாத்திரை கூடாது.' மண்டியில் கல்லாப்பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறாராம். கணக்குப்பிள்ளையும் படித்திருப்பார். பரவாயில்லை என்றார்.

எல்லா நோயாளிக்கும் கதை இதயத்தில் போய் முடிவதில்லை. போன மாதம் ஓஎம்ஆர் பக்கமிருந்து ஒரு பையன், கல்யாணமாகி ஆறு வாரம், தூங்கி எழும்போது எந்தக் குறையும் இல்லை, படுக்கையில் மட்டும் பயம். அவனுக்கு ஆஞ்சியோ எழுதினால் அது வேறு வகைப் பாவம். இத்தாலியின் மிலானில் முதல்முறையாக இந்தப் பிரச்சினைக்கு மருத்துவரைத் தேடி வந்த 439 பேரில் நான்கில் ஒருவர் நாற்பதும் அதற்குக் கீழும் என்று 2013இல் எழுதினார்கள். சின்ன வயசு என்பதால் பிரச்சினையே இல்லை என்றும் தள்ளக் கூடாது, எல்லாவற்றையும் மனசு என்றும் முடிக்கக் கூடாது.

அண்ணாச்சிக்கு ஆறு மாதம் கழித்து எடை 77. ஹெச்பிஏ1சி 7.2. சிகரெட்டை விட்டார், வெங்காய விலை கிடுகிடுவென ஏறிய இரண்டு வாரத்தில் மறுபடி பிடித்தார், மறுபடி விட்டார். மதிப்பெண் 9இலிருந்து 17. எடையைக் குறைத்தே மூன்றில் ஒருவர் பழைய நிலைக்குத் திரும்பிய ஆய்வு ஒன்று 2004இல் வந்தது, ஆனால் அதில் இருந்தவர்கள் சர்க்கரை இல்லாத பருத்த ஆண்கள். இவருக்கு அவ்வளவு நான் எதிர்பார்க்கவில்லை, சொல்லவும் இல்லை.

"முழுசா இல்ல சார்" என்றார் அவரே. "ஆனா தலகாணி உள்ள வந்துருச்சு."

இப்போது சர்க்கரைக்கு வரும் ஆண்களிடம் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்கிறேன். "சுகர் இருக்கிற ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு அந்த விஷயத்துல குறை வரும், உங்களுக்கு எப்படி இருக்கு?" எண்ணை முன்னால் வைத்துக் கேள்வியைப் பின்னால் வைத்தால் பதில் வந்துவிடுகிறது. வெறுமனே கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்பார்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் புது ஆள் ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், சட்டையில் அதே சருகு. ரிப்போர்ட், ஃபைல் எதுவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வெங்காய மண்டி அண்ணாச்சி அனுப்பிச்சாரு. பக்கத்துக் கடைதான். நீங்க ஒரு கேள்வி கேப்பீங்கன்னு சொன்னாரு. கேளுங்க."

ஸ்டென்ட் வைத்தவர், நாக்கடி மாத்திரையைப் பங்கு வைத்தவர். கேள்வி அப்புறம், முதலில் சட்டைப்பையில் இருப்பதையெல்லாம் எடுத்து மேஜையில் வையுங்கள் என்றேன்.